காட்டைப் பூட்டினால் போதுமா? (பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், லாசா, லிந்தாங் பக்கத்து ஆட்கள் கருத்துச் சொல்லுங்கள்)

கித்தாக்காடு | ஞாயிறு, மாலை 5:12

வணக்கம் உறவுகளே. இன்று காலை சந்தைக்குப் பக்கத்துக் கடையில் தோசைக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் பெரிய வாக்குவாதம். ஒருவர், "காட்டுக்குள் மனிதன் கால் வைக்கவே கூடாது, மொத்தமாகப் பூட்டிவிட வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "பெத்தாய்க் காய் பறித்து, மூங்கில் குருத்து ஒடித்துப் பிழைக்கிறவன் வயிற்றில் அடிக்காதே. யானையையும் புலியையும் பூங்காவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்" என்கிறார். இரண்டு பேருமே நம் ஆட்கள், இரண்டு பேருமே தோட்டத்தில் பிறந்தவர்கள்.

நம் ஊருக்குப் பின்னால் பியா காடு. வடக்கே போனால் தெமெங்கோர், அதற்கும் மேலே 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவித்த ரோயல் பெலும், 117,500 எக்டர். பூங்காவுக்குள் மரம் வெட்ட முடியாது. அதற்குக் கீழே உள்ள வனக் காப்பகங்களில் வெட்டலாம். மிருகத்துக்கு இந்தக் கோடு தெரியுமா?

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுப்பது யார், எவ்வளவு எடுக்கிறான், எந்த வழியாக வெளியே கொண்டுபோகிறான் என்று பார்க்காமல் "மனிதன்" என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. சாப்பாட்டுக்கு எடுப்பவனையும் லோரி வைத்து எடுப்பவனையும் ஒரே தடியால் அடிக்கக் கூடாது. உங்கள் கருத்து?


ஓய்வு மண்டோர் | ஞாயிறு, இரவு 8:30

தம்பி, நல்ல பேச்சை எடுத்தீர்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

காட்டைப் பூட்டுவது இந்த ஊருக்குப் புதிது இல்லை. 1948இல் எல்பில் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் துரையைச் சுட்ட பிறகு அவசரகாலம் வந்தது. காட்டோரத்தில் இருந்தவர்களையெல்லாம் முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள், காட்டுப் பக்கம் போனால் சந்தேகம். அப்பா அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

நான் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், மதியம் பால் நிறுத்துவிட்டு வந்ததும் ஆண்கள் தூண்டிலோடு ஆற்றுக்குப் போவோம். பெண்கள் விறகு, மூங்கில் குருத்து, பூச்சோக் பாக்கு என்கிற பெரணிக் கீரை கொண்டுவருவார்கள். சம்பளம் பத்தாத மாதத்தில் காடுதான் கறி கொடுத்தது. காட்டுக்குள் இருக்கும் தெமியார் பூர்வகுடி ஆட்கள் பிரம்பும் பெத்தாயும் சுமந்து கடைக்கு வருவார்கள், உப்பும் அரிசியும் புகையிலையும் வாங்கிப் போவார்கள்.

கெட்டது எப்போது தொடங்கியது என்றால், மொத்தமாக வாங்க ஆள் வந்த பிறகு. ஆற்றில் தூண்டில் போய் பேட்டரி வந்தது. முதுகில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு, இரண்டு கம்பியைத் தண்ணீரில் வைத்தால் பெரிய மீன், குஞ்சு மீன் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அவன் பெரியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவான். குஞ்சு அழுகும். அப்படி இரண்டு மூன்று மழைக்காலம் நடந்தால் அந்த மடுவில் அப்புறம் தூண்டில் போட்டும் பயனில்லை.

ஏழையைத் தடுப்பது சுலபம், கையில் கத்தியும் கோணிப்பையும்தான் இருக்கும். தடுக்க வேண்டியவனைத் தடுங்கள்.


வனநடை | ஞாயிறு, இரவு 9:47

ஐயா சொன்னது உண்மை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கத்தியும் கோணிப்பையுமாகப் போகிற எல்லாரும் பெத்தாய்க்குப் போவதில்லை.

நான் குழுவோடு காட்டு நடைக்குப் போகிறவன். ஒருமுறை பெத்தாய் மரத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையிலேயே கண்ணியைப் பார்த்தோம். மோட்டார் சைக்கிள் பிரேக் வயர் மாதிரி ஒரு கம்பி, வளைத்துக் கட்டிய இளமரம், மேலே நாலு காய்ந்த இலை. அவ்வளவுதான். பன்றிக்கு வைத்தேன், மானுக்கு வைத்தேன் என்பான். கம்பிக்கு அது தெரியாது. கால் வைப்பது புலியாக இருந்தால் புலி, யானைக்குட்டியாக இருந்தால் யானைக்குட்டி. அறுத்துக்கொண்டு ஓடினாலும் கம்பி காலில் இறுகி, அழுகி, பல நாள் கழித்துச் சாகும்.

1950களில் தீபகற்பத்தில் 3,000 புலி இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு. காண்டாமிருகத்தை நாம் ஏற்கனவே தொலைத்துவிட்டோம். 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்ததோடு மலேசியாவில் சுமத்ரா காண்டாமிருகம் முடிந்தது.

புலியை நேராகக் கொல்வது மட்டும் பிரச்சினை இல்லை. அதன் இரையையும் நாம் தின்கிறோம். மான் குறைந்துபோன இடத்தில் புலிக்கு மிச்சம் இருந்தது காட்டுப்பன்றி. 2021 கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்துக்குள் வந்து அதையும் பாதித்தது. இந்த நேரத்திலும் "பன்றிதானே" என்று அனுமதி இல்லாமல் வேட்டைக்குப் போகிறவர்கள் நம் தோட்டத்து இளைஞர்களில் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது, 2022 திருத்தத்தில் உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டு சிறை வரை போயிருக்கிறது.


செம்பனைத்தம்பி | ஞாயிறு, இரவு 11:05

எல்லாரும் புலிக்கும் மீனுக்கும் பேசுகிறீர்கள். என் தோட்டத்துக்கு வந்து பாருங்கள்.

நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை). பழைய மரத்தை விழுத்தி மறுநடவு செய்து மூன்று வருடம், முதல் குலை தள்ளுகிற பருவம். ஒரே இரவில் யானைக் கூட்டம் வந்தது. யானை செம்பனையை எப்படித் தின்னும் தெரியுமா? காலால் அடியை மிதித்துச் சாய்த்து, தும்பிக்கையால் நடுக்குருத்தை உருவி, மட்டையை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் தின்னும். அடுத்த கன்றுக்குப் போகும். காலையில் போய் நின்றபோது வரிசை வரிசையாகக் கன்று மல்லாந்து கிடந்தது. தடத்தில் தண்ணீர் ஊறியிருந்தது. தகவல் சொன்னேன். சம்பந்தப்பட்டவர்கள் வந்து பார்த்தபோது தடம் காய்ந்துவிட்டது. படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள்.

காடு நாட்டுக்கே சொத்து என்கிறீர்கள். சரி. அப்புறம் ஏன் அதன் செலவை நாலு ஏக்கர்காரன் மட்டும் சுமக்கிறான்?


லிந்தாங் ராணி | ஞாயிறு, இரவு 11:20

தம்பி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் வாழையை விட்டுவைக்கவில்லை. இரவில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை.


சிப்புட் டீச்சர் | திங்கள், பிற்பகல் 3:15

செம்பனைத்தம்பி, உங்கள் கேள்வி நியாயம். இந்த இழையில் இதுவரை வந்ததில் அதுதான் முக்கியமான கேள்வி.

யானை ஏன் பூங்காவுக்குள் இருக்க மாட்டேன் என்கிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. தீபகற்பத்திலும் போர்னியோவிலுமாக 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டி, அவை போகிற வழியைப் பல ஆண்டு தொடர்ந்து, 2023இல் வெளியிட்டார்கள். அவை நடமாடும் பரப்பில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே. காரணம் எளிது. அடர்ந்த பழங்காட்டில் யானைக்கு எட்டுகிற உயரத்தில் தீனி குறைவு. மரம் வெட்டி வெயில் விழுந்த இடத்தில்தான் புல், மூங்கில், காட்டுவாழை, இளந்தளிர் எல்லாம். அது காட்டு ஓரம், ஆற்றோரம், பழைய வெட்டுக்காடு. அதாவது நம் வீட்டுப் பின்புறம்.

அதனால் "பூங்காவுக்குள் வைத்துக்கொள்" என்பது நடக்காத காரியம். 1974 முதலே பிடித்து இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். குவாலா கண்டா யானை மையம் 1989இல் வந்தது. நூற்றுக்கணக்கான யானைகளைத் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கும் பெலுமுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். பிரச்சினை தீர்ந்ததா? நடுவில் ரோட்டையும் போட்டோம். 1982இல் திறந்த கெரிக் - ஜெலி சாலை பெலுமையும் தெமெங்கோரையும் நடுவே அறுத்துக்கொண்டு போகிறது. 2025 மே மாதம் அன்னையர் தினத்தன்று அந்தச் சாலையில் யானைக்குட்டி ஒன்று லோரிக்கு அடியில் சிக்கி இறந்ததும், தாய் யானை லோரியில் தலையை முட்டி நின்றதும் எல்லாரும் பார்த்தோம். என் வகுப்பில் பிள்ளைகள் அதைப் பற்றி ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

செய்யக்கூடியது என்ன? இளங்கன்றுக்குத்தான் ஆபத்து அதிகம். காட்டோரத்தில் இருக்கும் எல்லாரும் ஒரே ஆண்டில் மறுநடவு செய்தால் விருந்து வைத்த மாதிரி. பெரிய தோட்டமும் சிறுதோட்டக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக நடலாம். மின்வேலியைத் தனித்தனியாகப் போட்டால் யானை பக்கத்து நிலத்துக்குத்தான் போகும். சேர்ந்து போட வேண்டும், யானை போகிற வழியை விட்டுவிட்டுப் போட வேண்டும். வேலிக்கு அடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் ஒழுகிவிடும், வெட்டிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அந்தச் செலவில் பெரிய தோட்டங்களும் அரசாங்கமும் பங்கு போட வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கவே வேண்டும்.


லோரிக்காரன் | திங்கள், இரவு 10:02

பல வருடம் பாலாக் (வெட்டுமரம்) லோரி ஓட்டியவன் நான். மரம் வெட்டுகிறவனை மொத்தமாகக் கெட்டவன் என்று எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன், இன்னும் யாரும் எழுதவில்லை, நன்றி.

வனக் காப்பகத்தில் வெட்டுவதற்கு முறை இருக்கிறது. 1978 முதல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை. மெராந்தி வகை மரம் மார்பளவில் 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்தால் தொடக்கூடாது. செங்கால் என்றால் 60. மற்ற வகை 45. வெட்டிய இடத்துக்கு மறுபடி 30 வருடம் கழித்துத்தான் வர வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் காடு திரும்ப எழும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் அனுபவத்தில் மரத்தைவிட ரோடுதான் காட்டைக் கெடுக்கிறது. நாங்கள் போட்ட செம்மண் ரோடு நாங்கள் போன பிறகும் அங்கேயே இருக்கும். முன்பு நடந்து போக மூன்று நாள் ஆகிற இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மத்தியானத்தில் போய்விடலாம். கண்ணிக்காரன், காகாரு (அகில்) மரம் தேடுகிறவன், பேட்டரி மீன்காரன் எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறான். வெட்டு முடிந்த அன்றே மரப்பாலத்தைப் பிரித்து, ரோட்டுக்குக் குறுக்கே ஆழமாகக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு ரோந்து போனாலும் பத்தாது.


வனநடை | திங்கள், இரவு 10:31

லோரிக்காரன் அண்ணே, ரோடு விஷயத்தில் நூற்றுக்கு நூறு. ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தெமெங்கோர், பெலும் பக்கம் பத்து வகை இருவாச்சி இருக்கிறது. இருவாச்சி தானாகப் பொந்து குடையாது. பெரிய, வயதான மரத்தில் ஏற்கனவே இருக்கும் பொந்தில் பெண் பறவை உள்ளே போய், வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் வெளியிலிருந்து பழம் ஊட்டும். 50 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டலாம் என்றால் நாம் வெட்டுவது அந்த மரங்களைத்தான். 30 வருடத்தில் மரம் பருக்கலாம், பொந்து வருமா? பழமரமும் பொந்து மரமும் குறியிட்டு விட்டுவைக்க வேண்டும்.


லோரிக்காரன் | திங்கள், இரவு 10:44

அது சரி. பொந்து மரம் பெரும்பாலும் உள்ளே அழுகியதுதான், விலையும் போகாது. விடலாம்.


கெடாப்பையன் | செவ்வாய், காலை 7:20

பாலிங்கிலிருந்து எழுதுகிறேன், நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். மரம், மீன், பெத்தாய் என்று பேசுகிறீர்கள். காட்டிலிருந்து எடுக்கிற பெரிய பொருள் தண்ணீர்.

எங்கள் உலு மூடா காட்டிலிருந்து வருகிற தண்ணீரில்தான் மூடா சமவெளியில் ஏறக்குறைய ஒரு லட்சம் எக்டர் நெல் விளைகிறது. பினாங்குக்குப் போகும் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றுத் தண்ணீர். அந்தக் காட்டில் மரம் வெட்டினால் கெடா அரசாங்கத்துக்கு வருமானம், வெட்டாமல் விட்டால் பினாங்குக்குத் தண்ணீர். அதனால்தான் கெடா ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்கிறது. கேட்பது சரியா தவறா என்று இரண்டு மாநிலமும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குப் புரிந்தது, நிலமும் காடும் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் கையில். மாநிலத்துக்குக் காட்டிலிருந்து வருமானம் வர ஒரே வழி வெட்டுவதுதான் என்று இருக்கும்வரை வெட்டு நிற்காது.

கூட்டரசு இதற்காக 2019 முதல் மாநிலங்களுக்குக் காடு காக்கப் பணம் கொடுக்கிறது. 60 மில்லியனில் தொடங்கியது, 2025 பட்ஜெட்டில் 250 மில்லியன். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் காட்டோரத்து ஊருக்கு எவ்வளவு வருகிறது? செம்பனைத்தம்பியின் கன்றுக்கு அதிலிருந்து ஏன் ஒரு பங்கு கூடாது? சிலாங்கூர் 2010இல் 25 வருடத்துக்கு வெட்டை நிறுத்தியது. எல்லா மாநிலத்துக்கும் அந்த வசதி இல்லை.


செம்பனைத்தம்பி | செவ்வாய், காலை 8:02

இதைத்தான் நான் கேட்டேன். நன்றி சகோதரா.


லிந்தாங் ராணி | செவ்வாய், இரவு 9:10

மண்டோர் ஐயா ஆற்றைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒரு யோசனை. என் தங்கையைச் சபாவில் ரானாவ் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே தாகால் என்று ஒரு முறை. ஊர்க்காரர்களே ஆற்றைப் பகுதி பிரித்துக்கொள்கிறார்கள். சிவப்புப் பகுதியில் எப்போதும் மீன் பிடிக்கக் கூடாது. மஞ்சள் பகுதியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை ஊரே சேர்ந்து பிடித்துப் பங்கிட்டுக்கொள்ளும். பச்சைப் பகுதியில் வேண்டியபோது தூண்டில் போடலாம். பழைய வழக்கம்தான், 2003இல் மாநிலச் சட்டத்திலும் இடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு மடுவில் நின்றால் கெலா மீன் காலைச் சுற்றி மொய்க்கிறது, பார்க்க ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள்.

நம் லாசா பக்கத்து ஆற்றில் இதைச் செய்ய முடியாதா? பூட்டுவதும் இல்லை, சூறையாடுவதும் இல்லை. சிவப்புப் பகுதியில் பெருகுகிற மீன் கீழே இறங்கி வரும், நாமும் பிடிக்கலாம்.


போஸ் நர்ஸ் | செவ்வாய், இரவு 10:25

ராணி அக்கா, நல்ல யோசனை. ஆனால் "நம் ஆறு" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உள்ளே போஸ் என்கிற பூர்வகுடிக் கிராமங்களில் கிளினிக் வேலை பார்த்தவள். மேலே ஆற்றோரம் முழுக்கத் தெமியார் மக்கள். யாரும் வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் நாம் சிவப்பு, மஞ்சள் என்று கோடு போட்டால், அதுவும் மேலிருந்து பூட்டுகிற வேலைதான்.

சட்டமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. 2010 சட்டத்தில் 51வது பிரிவு ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் தங்கள் குடும்பத்தின் சாப்பாட்டுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடலாம் என்கிறது. விற்கக் கூடாது. நமக்கு அந்த உரிமை இல்லை. 2002இல் சாகோங் தாசி வழக்கில் உயர்நீதிமன்றம் அவர்களின் பாரம்பரிய நில உரிமையை ஏற்றது, 2005இல் மேல்முறையீட்டிலும் நின்றது.

காட்டை அவர்களைவிட நன்றாகக் காவல் காக்கக்கூடியவர் யார்? பெலும் பக்கம் ஜஹாய் பூர்வகுடி ஆட்களே மென்ராக் என்ற ரோந்துக் குழுவில் சம்பளத்துக்கு வேலை செய்து கண்ணிகளை அகற்றுகிறார்கள். இலை திரும்பிக் கிடப்பதை வைத்து ஆள் போன நேரத்தைச் சொல்வார்கள். என்னோடு மருந்துப்பெட்டி தூக்கிக்கொண்டு நடந்த பையன், பாதையில் திடீரென்று நின்று, எனக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் குனிந்து கம்பியைப் பிடுங்கிக் காட்டினான்.


செம்பனைத்தம்பி | செவ்வாய், இரவு 11:15

சகோதரி, அவர்கள் உரிமையை மறுக்கவில்லை. ஆனால் நாமும் நாலு தலைமுறை. தாத்தா அழித்துப் போட்ட காட்டில் நட்ட ரப்பர்தான் இந்த ஊர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது நமக்கு நிலம் இல்லை, 1960இல் மஇகா தலைவர் சம்பந்தன் ஐயா கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தலைக்குப் பத்து வெள்ளி என்று சேர்த்துத் தோட்டம் வாங்கியதால்தான் பல பேருக்கு வேலையும் லயமும் மிஞ்சியது. அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பவன் தோட்டத் தமிழன். பேச்சுவார்த்தை மேசையில் நமக்கு ஒரு நாற்காலி வேண்டும்.


சிப்புட் டீச்சர் | புதன், பிற்பகல் 2:50

நாற்காலி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாற்காலி அவர்களுடையது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிலிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011இல் சோளகர் மக்களுக்குக் காட்டு உரிமை கொடுத்தார்கள். தேன், நெல்லி, பாசி எடுக்கிறார்கள், புலியும் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு எடுக்கும் உரிமை, காக்கும் பொறுப்பு இரண்டும். ஓரத்தில் இருக்கும் நமக்குக் கேட்க வேண்டியது வேறு: யானை நஷ்டத்துக்கு ஈடு, சேர்ந்து போடும் வேலி, கீழாற்றில் மீன் பங்கு, ரோந்து வேலையில் நம் பிள்ளைகளுக்கும் இடம். உள்காட்டில் வேட்டை உரிமை கேட்டு நாம் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று. 2022இல் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தினார்கள். வனக் காப்பகத்தை அந்த நிலையிலிருந்து நீக்குவதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்படி ஒரு விசாரணை நம் பக்கத்தில் வந்தால், போய் உட்காருவதற்கு நம்மிடம் தயாராக நாலு பேர் இருக்கிறார்களா?


ஓய்வு மண்டோர் | புதன், மாலை 6:40

டீச்சர் சொல்வது சரி. வேட்டைக்குப் போகிற நம் பையன்களிடம் நான் பேசுகிறேன். கோயில் கூட்டத்தில் வைத்துப் பேசினால் கேட்பார்கள். பேட்டரி மீன்காரன் யார் என்பதும் ஊருக்குத் தெரியும், அதையும் பேசிவிடலாம்.


கித்தாக்காடு | புதன், இரவு 9:05

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. ஆற்று யோசனையோடு தொடங்கலாம் என்று படுகிறது. யானை ஈடு, வெட்டு ரோட்டை மூடுவது இரண்டும் மாநிலம் வரை போக வேண்டிய பேச்சு, அதற்குத் தனி மனு வேண்டும். டீச்சரும் கெடாப்பையனும் வாசகம் எழுதித் தந்தால் கையெழுத்துக்கு நான் அலைகிறேன். செம்பனைத்தம்பி, உங்கள் நிலத்துப் படங்களைத் தேதியோடு அனுப்புங்கள்.

நர்ஸ் சகோதரி, உங்களுக்குத் தெரிந்த பெங்ஹூலுவிடம் (தெமியார் ஊர்த்தலைவரிடம்) முதலில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா? அவர்கள் சரி என்றால் மட்டும் போவோம். திட்டம் எதுவும் எழுதிக்கொண்டு போக வேண்டாம்.


போஸ் நர்ஸ் | புதன், இரவு 9:38

கேட்கிறேன். அங்கே லைன் கிடைக்காது, வெள்ளிக்கிழமை அவர் சாமான் வாங்கக் கீழே வருவார், அப்போது பார்க்கிறேன். அறுவடைக் காலத்தில் போய் நிற்க வேண்டாம், அவர் சொல்கிற நாள்தான்.


லோரிக்காரன் | புதன், இரவு 9:52

என்னிடம் வேன் இருக்கிறது, எட்டுப் பேர் உட்காரலாம். லாசா தாண்டி மழை பெய்தால் வேன் ஏறாது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும். யாரிடமாவது ஹைலக்ஸ் இருந்தால் இங்கேயே எழுதுங்கள். டீசல் என் பொறுப்பு.